பழைய ஆர்பிஜி ஆட எது தோது? போனா, கம்ப்யூட்டரா, ஒரிஜினல் மெஷினா? என் ஓட்டு ஹேண்ட்ஹெல்டுக்கு

நான் மியூ மினி பிளஸ்னு ஒரு சின்ன ஹேண்ட்ஹெல்ட், அதாவது கையில வச்சு ஆடுற கேம் மெஷின், வாங்குனதுலேருந்து பழக்கமான பயலுக பூராம் கேக்குறது ஒரே கேள்விதான், "ஏன் மாப்ள, போன்லயே சும்மா ஆடலாமே, இதுக்குப் போயி ஆறாயிரம் ரூவாயா?"ன்னு. நியாயமான கேள்விதான். ஃபைனல் ஃபேண்டசி 6, க்ரோனோ ட்ரிக்கர், சுய்கோடன் 2 மாதிரி பழைய ஆர்பிஜிய, அதாவது ஒரு பாத்திரமா கதைக்குள்ள போயி லெவல் ஏத்தி ஆடுற கேம, இன்னைக்கு ஆட நாலஞ்சு வழி இருக்கு, எதுல போட்டாலும் கேம் ஓடும், படமும் சத்தமும் நல்லாவே இருக்கும், அதுல பேச பெருசா ஒண்ணுமில்ல. வித்தியாசம் வர்ற எடம் சேவ்தான், அதாவது ஆடுன வரைக்கும் பதிஞ்சு வைக்கிறது. நாப்பது மணி நேரம் போற கேமு, வேலை வெட்டிக்கு நடுவுல மாசக்கணக்கா இழுத்து இழுத்து ஆடுவோம், அம்புட்டு நாளும் அந்த சேவ் பத்திரமா இருக்கணும், நாளைக்கு மெஷின மாத்துனாலும் கூடவே வரணும். நான் எல்லாத்தையும் இத வச்சுத்தான் எடை போடுறேன்.

ஒரிஜினல் மெஷின்லேருந்து ஆரம்பிக்கிறேன். சூப்பர் நிண்டெண்டோங்கற பழைய டிவி கேம் மெஷினுக்கு கேம் வர்ற டப்பாதான் கேட்ரிட்ஜ், அதுக்குள்ள சேவ் இருக்கறது ஒரு சின்ன ராம்ல, ஃபைனல் ஃபேண்டசி 6ல அது 8 கேபி, அதுக்கு உசுரு குடுக்குறது சிஆர்2032 பட்டன் செல்லு. செல்லு தீந்தா சேவும் போச்சு. ஃபைனல் ஃபேண்டசி 6 வந்தது 1994ல, க்ரோனோ ட்ரிக்கர் 1995ல, அப்ப போட்ட செல்லு இப்ப முப்பது வருசம் பழசு, சிலதுல இன்னும் உசுரு இருக்கு, சிலது எப்பவோ போயிருச்சு. போக்கிமான் கோல்டு, சில்வர் கேட்ரிட்ஜ்ல நேரம் காட்டுற கடிகாரமும் அதே செல்லுலதான் ஓடுது, அதனால அது இன்னும் வெரசா தீந்துரும். மாத்தலாம்னா கேட்ரிட்ஜ் ஸ்க்ரூவ கழட்ட தனி 3.8 மில்லிமீட்டர் பிட்டு வேணும், உள்ள செல்லு தகடு வச்சு பத்தவச்சிருக்கும், அத எடுத்துட்டு தகடு வச்ச செல்லா வாங்கி சால்டர் பண்ணணும். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டா சாதா சிஆர்2032 எங்கயும் கெடைக்கும், தகடு வச்சது தேடணும், வெறும் செல்லு மேல நேரா சால்டர் வைக்கிறது ஆபத்து, சூட்டுல வெடிக்கலாம். இம்புட்டும் செஞ்சு பழைய செல்ல எடுத்த நிமிசத்துலயே உள்ள இருக்க சேவ் அழிஞ்சுரும், முன்னாடியே காப்பி எடுத்து வச்சாத்தான் உண்டு. பிஎஸ்1, அதாவது மொத பிளேஸ்டேஷனோட மெமரி கார்டு பரவால்ல, அதுல செல்லு கிடையாது, 15 பிளாக் இருக்கும், ஆனா டிஸ்கும் லென்சும் இப்ப எந்த நெலமைல கெடைக்கும்னு சொல்ல முடியாது. நான் ஒரு அண்ணன்கிட்ட இருந்த கேட்ரிட்ஜ தொறந்து பாத்ததோட சரி, சொந்தமா சூப்பர் நிண்டெண்டோ வச்சு பராமரிச்சவன் இல்ல, அதனால வச்சிருக்கவங்க சொல்றத என்னைய விட மேலா எடுத்துக்கங்க.

இன்னொண்ணும் சொல்லணும். பழச ஒரிஜினல்ல ஆடுனாத்தான் அந்த உணர்வு வரும்னு சொல்றவங்க அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் சின்ன வயசுல அத வச்சிருந்தவங்க. நம்ம பக்கம் அந்தக் கதையே வேற. மதுரைல மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கி பிஎஸ்2 ஆட விட்ட கடைகள்ல ஓடுனதெல்லாம் ரெஸ்லிங்கு, ஜிடிஏ, கிரிக்கெட்டுதான், மீட்டர் ஓடுற எடத்துல எவனும் ஊர் ஊரா நடந்து ஆளுககிட்ட பேசி, சத்திரத்துல தங்கி, லெவல் ஏத்திட்டு இருக்க மாட்டான். நம்மள்ல முக்காவாசிப் பேருக்கு மொத ஆர்பிஜி போக்கிமான் ஃபயர்ரெட், அதுவும் கம்ப்யூட்டர்ல விஷுவல்பாய் அட்வான்ஸ்னு ஒரு எமுலேட்டர், அதாவது பழைய மெஷின் மாதிரியே நடிச்சு கேம ஓட்டுற சாஃப்ட்வேர், போட்டு கீபோர்டுல ஆடுனது. நமக்கு அதுதான் ஒரிஜினல். அதனால கேட்ரிட்ஜ் தேடிப் பெருங்காசு செலவழிக்க எனக்கு மனசு வரல.

நிண்டெண்டோவோட ஸ்விட்ச் மெஷின் பத்தி சுருக்கமா சொல்லிர்றேன், ஏன்னா தெரிஞ்சவர்கிட்ட வாங்கி கொஞ்ச நாள் ஆடுனதுதான். பழைய கேமுக சந்தால வருது, எர்த்பவுண்ட் அதுல ஆடுனேன், ரொம்ப நல்லா ஓடுச்சு. ஆனா ஏழு நாளைக்கு ஒருக்கா நெட்டுல கனெக்ட் பண்ணணும், சந்தா முடிஞ்சா அந்த கேமுகள தொறக்க முடியாது. அதே கம்பெனியோட பழைய மெஷின்களான வீ யூ, 3டிஎஸ் ரெண்டுக்கும் ஆன்லைன் கடைய 2023 மார்ச்சுல மூடுனத பாத்தப்புறம் எனக்கு இந்த மாதிரி ஏற்பாட்டு மேல நம்பிக்கை கம்மி.

புதுசா செஞ்சு விக்கிற ரீமாஸ்டர் நல்ல வழி, இதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஃபைனல் ஃபேண்டசி 1லேருந்து 6 வரைக்கும் பிக்சல் ரீமாஸ்டர் ஸ்டீம்ங்கற கம்ப்யூட்டர் கேம் கடைலயும் போன்லயும் இருக்கு, 2021ல ஆரம்பிச்சு ஆறாவது 2022 பிப்ரவரில வந்துச்சு. தானா சேவ் ஆகும், சண்டைக்கு நடுவுல வேகம் கூட்டலாம், இசைய புதுசா வாசிச்சிருக்காங்க, ஆறாவது பாகத்து ஓபரா சீன கேட்டுப் பாருங்க. சட்டப்படியும் சுத்தம். கேம்பாய் அட்வான்ஸ் பதிப்புல சேத்த கூடுதல் டன்ஜன், அதாவது எதிரிக நெறஞ்ச குகை மாதிரி எடம், இதுல கிடையாது, போனுக்கு ஒருக்கா ஸ்டீமுக்கு ஒருக்கான்னு ரெண்டு தடவ காசு குடுக்கணும், அதுதான் எனக்கு உறுத்துது. காசு குடுத்து வாங்கி ஒரே எடத்துல ஆடி முடிக்கறவங்களுக்கு இதுவே போதும்.

பால்டர்ஸ் கேட், பிளேன்ஸ்கேப் டார்மென்ட், மொத ரெண்டு ஃபால்அவுட்டு, இதுகளுக்கெல்லாம் யோசிக்கவே வேணாம், கம்ப்யூட்டர்தான். மவுசுக்குன்னே செஞ்ச கேமுக, பக்கம் பக்கமா படிக்க வேற வேணும். ஜிஓஜிங்கற ஆன்லைன் கடைல வாங்குனா இன்ஸ்டாலர் ஃபைல அப்படியே எறக்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வச்சுக்கலாம், லாக்கு கிடையாது, சேவும் சாதா ஃபோல்டருதான், பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போலாம். சேவ் கணக்குல பாத்தா இத மிஞ்ச ஒண்ணுமில்ல.

ஆனா அதே கம்ப்யூட்டர்ல ரெட்ரோஆர்க்ங்கற எமுலேட்டர் போட்டு சூப்பர் நிண்டெண்டோ கேம் ஆடுறவங்க ஒண்ணு கவனிக்கணும். கேமுக்குள்ள சேவ் பாயிண்ட்ல போயி சேவ் பண்றீங்க, சரி, ஆனா எமுலேட்டர் அத உடனே டிஸ்க்ல எழுதுறதில்ல, கேம மூடுறப்பதான் எழுதும். நடுவுல கரண்டு போச்சுன்னா, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்புல நீங்க பண்ணுன சேவ் ஃபைல்ல இருக்காது. நம்ம பக்கம் மழைக்காலத்துல காத்தடிச்சாலே கரண்டு போயிட்டு வர்றது தெரிஞ்ச கதை. செட்டிங்ஸ்ல சேவிங் பகுதிக்குப் போயி சேவ்ராம் ஆட்டோசேவ் இன்டர்வல்னு இருக்கறத பத்து செகண்டுன்னு மாத்திட்டா இந்தப் பிரச்சனை முடிஞ்சுச்சு. இத மொத நாளே பண்ணிருங்க.

போனுக்கு வாரேன். செலவே இல்ல, ஐபோன்லயும் 2024 ஏப்ரல்லேருந்து டெல்டாங்கற எமுலேட்டர் ஆப் ஸ்டோர்லயே கெடைக்குது. ஆர்பிஜிக்கு ரிஃப்ளெக்ஸ் தேவையில்ல, அதனால கண்ணாடி மேல தடவி ஆடுனாலும் சமாளிச்சுரலாம். ஆனா ஆடிட்டு இருக்கப்ப போன் வரும், பேசிட்டு திரும்பி வந்தா சில நேரம் ஆண்ட்ராய்டு ஆப்பையே மூடி வச்சிருக்கும். அதுக்குப் பயந்துக்கிட்டே எல்லாரும் ஸ்டேட் சேவ் போடுறாங்க, அதாவது எந்த நிமிசத்துலயும் அப்படியே ஒறைய வச்சு எடுக்கற சேவு. இங்கதான் பெரிய சிக்கல். ஸ்டேட் சேவ் அந்த எமுலேட்டரோட அந்த வெர்சனுக்குத்தான் சொந்தம், அப்டேட் வந்தாலோ வேற எமுலேட்டருக்குப் போனாலோ அது தொறக்குங்கற உறுதி இல்ல. என் மாமா பையன் ஒரு ஆப்புல க்ரோனோ ட்ரிக்கர் கிட்டத்தட்ட முடிக்கிற எடம் வரைக்கும் வெறும் ஸ்டேட்லயே ஆடிட்டு வந்தான், ஆப்பு அப்டேட் ஆச்சு, ஒரு ஸ்டேட்டும் தொறக்கல, கேமுக்குள்ள போட்ட சேவ் ரொம்ப முன்னாடி எங்கயோ நிக்குது. அவன் அந்த கேம இன்னைக்கு வரைக்கும் திரும்பத் தொடல. எனக்கே கேக்க மனசு கஷ்டமா இருந்துச்சு, அம்புட்டு நல்ல கேமு.

இப்ப ஹேண்ட்ஹெல்டு. மியூ மினி பிளஸ் 3.5 இஞ்சு திரை, 640க்கு 480, பழைய டிவி மாதிரி நாலுக்கு மூணு, அதனால சூப்பர் நிண்டெண்டோவும் பிஎஸ்1ம் திரைய நெறச்சு உக்காரும். பேட்டரி 3000 எம்ஏஹெச், கழட்டி மாத்தலாம். ஆனியன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் அதுல போட்டுக்கணும், அதுதான் இதோட பாதி பலமே. பவர் பட்டன அமுக்கிப் புடிச்சா இருக்கற எடத்த தானா பதிஞ்சுட்டு அணையும், திரும்ப ஆன் பண்ணா கேமு அதே எடத்துல நிக்கும். ஃபைனல் ஃபேண்டசி 6ல உலக வரைபடத்துலயோ சேவ் பாயிண்ட்லயோதான் சேவ் பண்ண முடியும், டன்ஜனுக்குள்ள மாட்டுனா அரை மணி நேரம் நகர முடியாது, ஆனா உசிலம்பட்டிலேருந்து ஆரப்பாளையம் வர்ற பஸ்ல ஆடுறவனுக்கு ஸ்டாப்பு வந்தா எறங்கியாகணும். பட்டன அமுக்கி பையில போட்டுட்டு எறங்குறேன், சாயங்காலம் திரும்பிப் போறப்ப செக்கானூரணி தாண்டுறதுக்குள்ள அந்த டன்ஜன முடிச்சு சேவ் பாயிண்ட்ல ஒழுங்கான சேவ் போட்டுர்றேன். ஸ்டேட்ட நடுவழிக்கு மட்டும் வச்சுக்கிட்டு, கேமோட சொந்த சேவதான் நம்புறது, அவ்வளவுதான்.

அந்தச் சொந்த சேவு மெமரி கார்டுல சேவ்ஸ்ங்கற ஃபோல்டர்ல எஸ்ஆர்எம்னு முடியற ஃபைலா இருக்கும். ஃபைனல் ஃபேண்டசி 6 கேமே 3 எம்பிதான், காலைல வாட்ஸாப்புல வர்ற குட்மார்னிங் வீடியோ அத விட பெருசா இருக்கும், சேவு வெறும் 8 கேபி. கேட்ரிட்ஜுக்குள்ள செல்லு தாங்கிட்டு இருந்த அதே 8 கேபிதான். அத அப்படியே காப்பி பண்ணி கம்ப்யூட்டர்ல போட்டா அங்க தொடரும், போன்ல போட்டா அங்க தொடரும். நான் சிங்க்திங்னு ஒரு ஆப்ப வச்சு வீட்டு வைஃபைல லேப்டாப்புக்கு தானா போற மாதிரி வச்சிருக்கேன்.

பராமரிப்புன்னு பாத்தா ரெண்டு விசயம். கூட வர்ற மெமரி கார்டு பேர் தெரியாத கம்பெனி கார்டு, அத நம்பாதீங்க, வந்த அன்னைக்கே நல்ல கார்டா ஒண்ணு வாங்கி மாத்திருங்க, 64 ஜிபி தாராளம். ரெண்டாவது பிஎஸ்1ல பல டிஸ்கு கேமுக. ஃபைனல் ஃபேண்டசி 7 மூணு டிஸ்கு, 9 நாலு டிஸ்கு. ஒவ்வொரு டிஸ்கையும் தனித்தனியா தொறந்தா எமுலேட்டர் ஒவ்வொரு பேருக்கும் தனி மெமரி கார்டு போட்டுக்கும், ரெண்டாவது டிஸ்க்ல போயி நின்னா சேவ் காலியா இருக்கும். எல்லா டிஸ்கு பேரையும் வரிசையா எழுதி எம்3யூன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் செஞ்சு அதையே தொறந்தா எல்லாத்துக்கும் ஒரே சேவு.

குறையும் இருக்கு. பிஎஸ்2 ஓடாது, பர்சோனா 3 ஆடணும்னா வேற மெஷின்தான். அனலாக் ஸ்டிக் கிடையாது. எழுத்து சின்னது, கண்ணாடி போட்டவங்க வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட வாங்கிப் பாத்துக்கங்க. வெளிநாட்டுலேருந்து வர்றதால சர்வீஸ்னு போயி நிக்க எடம் இல்ல, அன்பெர்னிக்னு இன்னொரு கம்பெனி ஹேண்ட்ஹெல்டுகளுக்கும் இதே நெலமதான். எமுலேட்டர் தப்பில்ல, ஆனா காசு குடுக்காம ரோம், அதாவது கேம் ஃபைல் எறக்குறது காப்பிரைட் மீறல்தான், விலைக்கு கெடைக்கிற கேம விலைக்கே வாங்குங்க.

இப்போதைக்கு காசு போட முடியாதவங்க போன்லயே ஆரம்பிங்க, தப்பில்ல. ரெட்ரோஆர்க் போடுங்க, கேமுக்குள்ள சேவ் பண்ணுங்க, அந்த எஸ்ஆர்எம் ஃபைல மாசத்துக்கு ஒருக்கா கூகுள் டிரைவ்ல ஏத்தி வைங்க. ரோம் ஃபைலுக்கும் சேவ் ஃபைலுக்கும் பேரு எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும், பின்னாடி ஹேண்ட்ஹெல்டு வாங்குறப்ப ரெண்டையும் சேத்து கார்டுல போட்டா விட்ட எடத்துலேருந்து ஆடலாம்.