பழைய ஸிதருக்கு என்ன தந்தி, எந்த சுருதி? ஏழு வருஷ அனுபவம்

மியூனிக்கில் வருஷத்துக்கு மூன்று தடவை ஆவர் டுல்ட் சந்தை கூடும். 2017-இல் அங்கே ஒரு பழைய சாமான் கடையில் கறுப்புப் பெட்டிக்குள் கிடந்த ஸிதரை வாங்கினேன். சிதாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேஜைமேல் படுக்கவைத்து வாசிக்கிற பலகை வாத்தியம் இது. நம் பக்கமாக மெட்டுகளின் (வீணையில் போல விரலால் அழுத்துகிற குறுக்குக் கம்பிகள்) மேல் ஐந்து தந்தி, அதற்கு அப்பால் மெட்டே இல்லாமல் இருபத்தேழு. பாதி அறுந்திருந்தன, மீதி துருப்பிடித்திருந்தன. இப்படி ஒன்று கைக்கு வந்து, என்ன தந்தி போடுவது, எந்த சுருதி வைப்பது என்று முழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒரு பெரிய தப்பு செய்தேன். புது ஸிதருக்கான முழு செட் வாங்கி, பழைய தந்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிவிட்டு, ஒரே வாரத்தில் ‘ஏ’ தந்தியை 440 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டேன். இரண்டாவது வாரம், தந்திகளை முறுக்கும் சுருதி ஆணிகள் நிற்கும் மரக்கட்டையின் ஓரத்தில் மேல்பலகை பெயர்ந்து, விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. மரத்தில் குறையில்லை, பழைய பசைதான் விட்டுப்போயிருந்தது. பழுது பார்த்தவர் ஒட்டி, இறுக்கி, மூன்று வாரம் வைத்திருந்து கொடுத்தார். கொடுக்கும்போது, “அரை சுருதி குறைத்தே வையுங்கள். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்” என்றார்.

அன்றிலிருந்து 415-தான். நம் கணக்கில் சொன்னால் ஆறு கட்டையிலிருந்து ஐந்தரைக்கு இறக்கம். தந்தியின் இழுவை அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும். அதனால் அரை சுருதி இறக்கினாலே இழுவை ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. முப்பத்திரண்டு தந்திக்கும் சேர்த்துப் பார்த்தால் அது பலகைக்குப் பெரிய ஆறுதல். முழு சுருதி இறக்கினால் 20 சதவீதத்துக்கு மேல் குறையும். அதையும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தேன். பேஸ் தந்திகள் தொளதொளத்து, கொஞ்சம் அழுத்தி மீட்டினால் பக்கத்துத் தந்தியில் இடித்தன. தனியாக வாசிக்கிறவர்களுக்கு அரை சுருதி இறக்கம் எந்த இடைஞ்சலும் இல்லை. நாதமும் இன்னும் கனிந்துதான் கேட்கிறது.

எந்தத் தந்தி என்பதில் நான் மூன்று விதம் மாற்றிப் பார்த்துவிட்டேன். மெட்டில்லாத தந்திகளுக்கு அந்தக் காலத்தில் பட்டு இழையின்மேல் உலோகம் சுற்றியதைப் போடுவார்கள். அதன் குரல் அருமை. ஆனால் காற்றில் ஈரம் மாறினால் உடனே சுருதி இறங்கிவிடும், சுற்றும் தளர்ந்து கரகரக்கும். ஸ்டீல் உள்கம்பி வைத்தது சுருதியில் அப்படியே நிற்கும், ஆனால் மீட்டிய ஓசை அடங்கவே அடங்காது. நான்கு ஸ்வரம் போவதற்குள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். இப்போது இருப்பது நைலான் உள்ளிழை. என் பெட்டிக்கு இதுவே சரி, இனி மாற்றப்போவதில்லை. மெட்டுத் தந்திகளில் ‘ஏ’ வெறும் ஸ்டீல், ‘டி’ பித்தளை, ‘ஜி’யும் ‘சி’யும் சுற்றிய தந்தி.

மியூனிக் முறையா, வியன்னா முறையா என்பது அடுத்த கேள்வி. மியூனிக் முறையில் நமக்கு அருகிலிருந்து ஏ, ஏ, டி, ஜி, சி. வியன்னாவில் ஏ, டி, மேல் ஜி, கீழ் ஜி, சி. மெட்டுப் பலகையில் மாறுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். ஆனால் ஆணியை முறுக்கியோ தளர்த்தியோ அங்கே போக முடியாது, அந்த இரண்டு தந்தியையும் மாற்றியே ஆகவேண்டும். வியன்னாவில் இரண்டு வருஷம் வாசித்தேன். மேல் ‘ஜி’யின் பளிச்சென்ற குரல் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் மியூனிக்குக்கே திரும்பிவிட்டேன். காரணம் அந்த இரட்டை ‘ஏ’. ஒன்றில் ராகம் வாசிக்கும்போது இன்னொன்றை அழுத்தாமல் மீட்டினால் ஆதார ஷட்ஜம் கூடவே வருகிறது.

இந்த வாத்தியத்தில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது மெட்டில்லாத தந்திகளின் வரிசை. 1838-இல் மியூனிக்கில் நிக்கோலாஸ் வைகல் யோசித்தது அது. 1862-இல் மாக்ஸ் அம்பர்கர் அப்படி ஒன்றைச் செய்த பிறகுதான் பரவலாயிற்று. ஈ-ஃப்ளாட், பி-ஃப்ளாட், எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ என்று பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் தொடரும்; ஒவ்வொரு தந்தியும் முந்தையதற்குப் பஞ்சமம். பழந்தமிழ் இசையில் சொன்னால் குரலுக்கு இளி, அந்த இளிக்கு இளி. சி, ஜி பக்கத்தில் பக்கத்தில்; இரண்டு தந்தி தாண்டினால் ஈ. மூன்றையும் சேர்த்து மீட்டினால் அது சி மேஜர். ஏ, ஈ பக்கத்தில் பக்கத்தில். இந்தப் பக்கம் இரண்டு தாண்டினால் சி. அது ஏ மைனர். விரல்களின் அமைப்பு கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும்!

சரி, எல்லாமே பஞ்சமம்தானே, காதாலேயே சுத்தமாகச் சேர்த்துவிடலாம் என்று ஏ-யில் தொடங்கிப் பன்னிரண்டையும், இரண்டு தந்தி சேரும்போது கேட்கிற ‘வாவ் வாவ்’ அலையே இல்லாமல் கூட்டினேன். பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் தேனாக இனித்தன. ஆனால் மெட்டுகளோடு ஒட்டவில்லை. மெட்டுகள் பன்னிரண்டு ஸ்வரத்துக்கும் சம இடைவெளி என்ற கணக்கில் அடித்தவை. சுத்த பஞ்சமம் ஒவ்வொன்றும் அதைவிட 2 சென்ட் (அரை சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அகலம். ஈ-ஃப்ளாட்டுக்கு வரும்போது 12 சென்ட் இறங்கியிருந்தது. சி மேஜரில் ‘ஈ’ தூக்கலாகக் குத்தியது. அதனால் இப்போது டி, ஏ, ஈ மூன்றை மட்டும் காதால் சேர்க்கிறேன். அவை எனக்கு மத்திமம், ஷட்ஜம், பஞ்சமம். மற்றவை ட்யூனர் சொல்கிறபடி.

ஆணிகளைப் பற்றி ஒரே விஷயம். நழுவினால் எண்ணெய் போடவே போடாதீர்கள், சுத்தியலால் தட்டவும் வேண்டாம். கொஞ்சம் தடித்த ஆணியாக மாற்றச் சொல்லுங்கள். என்னுடையதில் நான்கு மாற்றியாயிற்று.

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டதும் காற்று காய்ந்து, பலகை சுருங்கி, சுருதி முழுக்க இறங்கும். ஜூலையில் ஏறும். பெட்டிக்குள் ஈரப்பதப் பொட்டலம் ஒன்று வைத்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம் சுருதி கூட்டினால் போதுமாயிருக்கிறது. அடியில் கூராக இருக்கிற மூன்று சின்னக் கால்களையும் மேஜையில் அழுந்த வைத்துவிட்டு, முதலில் ‘ஏ’யில் தொடங்குகிறேன்.