புது யோசனையை முதலில் எங்கே சொல்வது: கூட்டத்திலா, தாளிலா, தனியாகவா, செய்து காட்டியா?

வேலையிடத்தில் ஒரு புது யோசனையை முன்வைக்க நான்கு வழிகள் இருக்கின்றன: கூட்டத்தில் சொல்வது, எழுதிக் கொடுப்பது, சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசுவது, சிறிய அளவில் செய்து காட்டுவது. எது பொருந்தும் என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. சரிப்பட்டு வராவிட்டால் பழைய முறைக்கு எளிதில் திரும்ப முடியுமா? இதற்காக எத்தனை பேர் தாங்கள் வேலை செய்யும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பெரும்பாலோர் நேராகக் கூட்டத்துக்குப் போகிறார்கள். எங்கள் கணிப்பில் முதல்முறை சொல்வதற்கு மிக மோசமான இடம் அதுதான். கேட்பவர் அந்த நிமிடமே ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். பாதி புரிந்த விஷயத்துக்குச் சம்மதிப்பதைவிட ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவது அவருக்குப் பாதுகாப்பு. பாதிக்கப்படும் பிரிவின் தலைவர் எல்லார் முன்னாலும் ‘இது நடக்காது’ என்று சொல்லிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் இறங்கி வருவது அவருக்குக் கஷ்டம். வேறு வழியில்லை என்றால், நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே 10 நிமிடம் கேட்டு வாங்குங்கள். 3 நிமிடம் பேசுங்கள், மீதியைக் கேள்விகளுக்கு விடுங்கள். முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: “இந்த ஒரு வேலையில் மட்டும், இரண்டு பேரை வைத்து, நான்கு வாரம் சோதிக்க அனுமதி வேண்டும்.”

எழுத்துக்குள்ளேயே ஒரு போட்டி உண்டு. 2004-இல் அமேசானின் தலைமைக் குழுக் கூட்டங்களில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் பவர்பாயிண்டை நிறுத்தினார். அங்கே வேரூன்றிய முறை, ஆறு பக்கத்துக்கு மிகாத உரைநடைக் குறிப்பு. கூட்டம் தொடங்கியதும் எல்லாரும் அதை மௌனமாகப் படிப்பார்கள். ஸ்லைடில் நாலு வரியை அடுக்கிவிட்டால் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள தொடர்பு மறைந்துவிடும். முழு வாக்கியத்தில் ஓட்டை தெரிந்துவிடும். டொயோட்டா வழி இன்னும் சுருக்கமானது: 297 × 420 மி.மீ. அளவுள்ள ஒரே ஏ3 தாளில் பின்னணி, இன்றைய நிலை, இலக்கு, மூலகாரணம், தீர்வு, செயல்திட்டம் எல்லாம் அடங்க வேண்டும். படிப்பதற்கென்று கூட்டத்திலேயே நேரம் ஒதுக்காத இடங்களில் ஆறு பக்கம் திறக்கப்படாமலே கிடக்கும். அங்கெல்லாம் ஒரு பக்கம்தான் சரி.

அந்த ஒரு பக்கம் பெரும்பாலும் சறுக்குவது இரண்டு இடங்களில். தீர்விலிருந்து ஆரம்பிப்பது ஒன்று: பிரச்சினையை ஒப்புக்கொள்ளாதவர் தீர்வைப் படிக்கமாட்டார். இன்னொன்று, கணக்கில்லாத எண். ‘வாரம் 5 மணி நேரம் மிச்சம்’ என்றால் நம்பமாட்டார்கள். ‘10 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நிமிடம், 5 நாள்: மொத்தம் 300 நிமிடம்’ என்று விரித்து, அந்த 6 நிமிடத்தை எப்படி அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பயிற்சிக்கும் மாற்றத்துக்கும் மற்றவர்கள் செலவிடும் நேரத்தையும் செலவுப் பக்கத்தில் சேருங்கள். நீங்கள் விட்டுவிட்டால் எதிர்ப்பவர் அதைத்தான் முதலில் எடுப்பார்.

தனித்தனியாகப் பேசுவதுதான் நான்கிலும் பலன் அதிகம் தருவது, நேரமும் அதிகம் கேட்பது. வரிசை முக்கியம். உங்கள் மேலாளருக்கு முதலில் ஒரு வார்த்தை. அவரைத் தாண்டிப் போனதாகத் தெரிந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அடுத்து அந்த வேலையைத் தினமும் செய்பவர். பிறகு இதனால் எதையாவது இழக்கப்போகிறவர். ஒப்புதல் தருபவர் கடைசி. ஆளுக்கு 20 நிமிடம் போதும். ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘ஆமாம்’ வரும். ‘இதில் எது முதலில் சிக்கலாகும்?’ என்று கேளுங்கள். சொன்ன ஆட்சேபத்தை அவருடைய சொற்களிலேயே குறிப்பில் சேர்த்து, திரும்ப அவரிடம் காட்டுங்கள். தன் கவலை எழுத்தில் இருப்பதைப் பார்த்தவர் கூட்டத்தில் அதைக் கிளப்ப வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும் ஆபத்து இதில் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே தாளைக் காட்டினால் அது வராது. யோசனையை வேறொருவர் தன்னுடையதாக்கிக்கொள்வார் என்ற பயத்தாலேயே பலர் இந்த வழியைத் தவிர்க்கிறார்கள். பேசும் முன் அந்தத் தாளை மின்னஞ்சலில் மேலாளருக்கு அனுப்பிவைத்தால் தேதியோடு பதிவு இருக்கும்.

செய்து காட்டுவதற்கு 3எம் நிறுவனத்தின் போஸ்ட்-இட் என்ற ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாளைவிட நல்ல சான்று இல்லை. 1968-இல் அங்கே வேதியியலாளராக இருந்த ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்த, லேசாக மட்டும் ஒட்டும் பசைக்குப் பல ஆண்டுகள் பயன் தெரியவில்லை. 1974-இல் அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை அதை ஒட்டிப் பிரிக்கும் பக்கக்குறியாக யோசித்தார். 1977 சந்தைச் சோதனை சோபிக்கவில்லை. 1978-இல் அமெரிக்காவின் போய்ஸி நகரில் இலவச மாதிரிகளைக் கையில் கொடுத்ததும் மறுபடி வேண்டும் என்று கேட்டார்கள். 1980-இல் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது. விளக்கிப் புரியாதது, கையில் எடுத்ததும் புரிந்தது.

சோதனை பயன்பட வேண்டுமானால், தொடங்கும் முன்பே இரண்டு வாரம் பழைய முறையை அளந்து வைத்திருக்க வேண்டும். எதை அளப்போம், என்று முடிப்போம், எந்த நிலையில் பாதியில் நிறுத்துவோம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆர்வமுள்ளவர்களை மட்டும் வைத்துச் செய்தால் முடிவு மற்ற பிரிவுகளுக்குச் செல்லாது. தயங்குகிற ஒருவரையாவது சேருங்கள். வாடிக்கையாளர் தரவு, பாதுகாப்பு, சட்டம் ஆகியவற்றைத் தொடும் எதையும் அனுமதியின்றிச் சோதிக்கக் கூடாது.

ஆலோசனைப் பெட்டி? பதில் தரக் கெடுவும் பொறுப்பாளரும் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

எளிதில் திரும்ப முடிகிற, உங்கள் குழுவுக்குள் அடங்குகிற யோசனையை மேலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்தே காட்டுங்கள். பல பிரிவுகளைத் தொட்டால் தனிப்பேச்சு, பிறகு சோதனை. திரும்ப முடியாத செலவு என்றால் தனிப்பேச்சு, தாள், கடைசியில் கூட்டம். அங்கே முடிவு மட்டும். மறுத்தால், எது மாறினால் மறுபடி பரிசீலிப்பார்கள் என்று அங்கேயே கேட்டு அதே தாளில் தேதியுடன் குறித்துவையுங்கள். பட்ஜெட் காரணம் என்றால் அடுத்த நிதியாண்டுத் திட்டமிடல் தொடங்கும் முன் அந்தத் தாளை மறுபடி அனுப்பலாம்.