மலை ஓடைக்கு எந்த ரேடியோ? சிம் கார்டா, மெஷ்ஷா, லோராவா

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அங்கிருந்து நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லாத ஊட்டியில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர்தான். நீலகிரியின் மேற்குச் சரிவில் ஒரு மழைமானியை வைத்துவிட்டு மலை முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது. ஒரு முகடு தாண்டினால் மழையும் மாறிவிடும்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து குந்தா பக்கம் ஆறு மழைமானிகளும் மூன்று ஓடைகளில் நீர்மட்டக் கருவிகளும் வைத்தோம். அனுமதி, கம்பம், பெட்டி எல்லாம் ஆன பிறகு தீராமல் நின்ற கேள்வி ஒன்றுதான்: பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அளவு எந்த வழியாகக் கீழே வருவது? நாங்கள் லோராவைத் தேர்ந்தெடுத்தோம்: குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை வெகுதூரம் அனுப்பும் ரேடியோ அது. இரண்டு தென்மேற்குப் பருவங்கள் ஓட்டிய பிறகு, இன்றைக்கும் அதையேதான் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

ரேடியோவே இல்லாத டேட்டா லாகரை முதலில் பார்த்துவிடலாம். அளவை மெமரி கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும், நாம் போய் எடுத்துவர வேண்டும். ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் இதுவே போதும், செலவும் குறைவு. ஆனால் ஜூனில் ஒரு கருவி பழுதானால் அது செப்டம்பரில்தான் தெரியும். வெள்ள நேரத்தில் கீழே இருப்பவர்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

அடுத்தது சிம் கார்டு. ஒவ்வொரு கருவியும் யாரையும் நம்பாமல் தானே செய்தி அனுப்பிக்கொள்ளும். டவர் தெரியும் இடமாக இருந்தால் இதைவிடச் சுலபமானது இல்லை. எங்கள் ஒன்பது இடங்களில் இரண்டில்தான் நிலையாகச் சிக்னல் இருந்தது. சரி, உயரமான ஆன்டெனா வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தோம். அங்கேதான் மின்சாரம் குறுக்கே வந்தது.

கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பாருங்கள், முடிவு செய்ததே இதுதான். சிம் மாட்யூல் விழித்து, டவரைத் தேடிப் பதிவுசெய்து, செய்தி அனுப்பி முடிக்கச் சுமார் 45 வினாடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி மின்னோட்டம் 150 மில்லிஆம்பியர். நடுவில் நொடிப்பொழுதுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும், அதைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 96 முறை அனுப்பினால் 180 மில்லிஆம்பியர்-மணி. 3,000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சாதாரண 18650 லித்தியம் செல் ஒன்று இதற்குப் பதினாறு நாள்தான் வரும். லோரா அப்படியில்லை. மிக மெதுவான வேகத்தில் அனுப்பினாலும் ஒரு செய்திக்கு ஒன்றரை வினாடி, அந்த நேரத்தில் 120 மில்லிஆம்பியர். 96 முறைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர்-மணி. சென்சாரும் தூக்கத்தில் ஆகும் செலவும் சேர்த்து 6 என்று வையுங்கள். அதே செல் ஐநூறு நாள் ஓடும்.

குளிரும் செல்லின் வயதும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். பாதியாகக் குறைந்தாலும் இருநூற்றைம்பது நாள். தென்மேற்குப் பருவம் நூற்றிருபது நாள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் தாராளம்தான் எனக்கு முக்கியம். சோலார் பேனல் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஜூலையில் அந்தச் சரிவில் வாரக்கணக்கில் மூட்டம் கலையாது. ஓடைக் கருவிகள் சோலைக்குள் இருக்கின்றன, அங்கே வெயில் காலத்திலேயே வெளிச்சம் குறைவு. பேனலைப் பெரிதாக்கினால் கம்பமும் பெரிதாக வேண்டும், காற்றும் அதிகமாகப் பிடிக்கும், யானையின் கண்ணிலும் படும். வெயில் இல்லாமலே பருவம் முழுக்க ஓடும் கருவிதான் அங்கே கருவி. மற்றதெல்லாம் நம்மை மழைக்குள் ஏறி வரவழைக்கும். அட்டை மொய்க்கும் பாதையில் செல் மாற்ற ஒருவரை அனுப்புவது வெறும் அசௌகரியம் இல்லை, மண்சரியும் மலையில் அது ஆபத்து.

மெஷ்ஷுக்கு வருவோம். இதில் ஒவ்வொரு கணுவும், அதாவது ரேடியோ பொருத்திய ஒவ்வொரு பெட்டியும், பக்கத்துக் கணுவின் செய்தியையும் வாங்கிக் கடத்தும். ஒன்று செத்தால் செய்தி வேறு வழி தேடிக்கொள்ளும். எல்லாக் கணுக்களையும் ஒரே கடிகாரத்தில் ஓடவிட்டால், ஒவ்வொன்றும் தன் முறை வரும் நேரத்தில் மட்டும் விழித்தால் போதும். மின்செலவில் இதைக் குறைசொல்ல முடியாது. கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில், அமெரிக்கன் ஆற்றின் மேல்படுகையில் பல்கலைக்கழகக் குழு அமைத்த வலையமைப்பு இதைத்தான் நம்பியது. பத்துக்கும் மேற்பட்ட இடங்கள், இடத்துக்குப் பத்து அளவீட்டுக் கணுக்கள். மரநிழலில் எவ்வளவு பனி, வெட்டவெளியில் எவ்வளவு, வடக்குச் சரிவில் எவ்வளவு என்று ஏறக்குறைய ஒரு சதுரக் கிலோமீட்டருக்குள் அளப்பதுதான் அவர்களின் வேலை. அந்த வேலைக்கு மெஷ்தான் சரி, நானும் அதையே எடுத்திருப்பேன்.

எங்கள் ஒன்பது இடங்களோ பதினோரு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன. மெஷ் வழக்கமாக ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நனைந்த இலை நன்றாக உறிஞ்சிவிடும். சோலைக்குள் சோதித்தபோது 80 மீட்டரிலேயே இணைப்பு தடுமாறியது. ஒரு ஓடையிலிருந்து முகடு வரை கொண்டுவரவே இருபது, முப்பது இடைக்கணுக்கள் வேண்டும். எதையும் அளக்காமல் கடத்துவதற்காக மட்டுமே நிற்கும் பெட்டிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் செல் மாற்ற வேண்டும், எறும்பு புகாமல் பார்க்க வேண்டும், காட்டெருமை உரசிச் சாய்த்தால் நிமிர்த்த வேண்டும்.

லோரா, இந்தியாவில் உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வேகம் மிகக் குறைவு, படம் அனுப்பவெல்லாம் ஆகாது. ஆனால் ரேடியோ இரைச்சலுக்கு அடியில் புதைந்த செய்தியையும் தோண்டி எடுக்கும். மழை அளவும் பேட்டரி நிலையும் சேர்ந்து பன்னிரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது, நமக்கு அது போதும். எல்லாச் செய்திகளையும் வாங்கிக் கீழே அனுப்பும் கேட்வே ஒன்றை முகட்டில் வைத்தோம். ஆறு இடங்கள் அதை நேராகப் பிடித்தன. மூன்று ஓடைகளுக்குத் தலா ஒரு இடைக்கணு போட்டோம். மொத்தம் மூன்றே மூன்று கூடுதல் பெட்டிகள்.

இதன் பலவீனம் பெரியது, மறைக்கமாட்டேன். எல்லாம் அந்த ஒரு கேட்வேயை நம்பி நிற்கிறது. அது இருப்பதோ இடியும் காற்றும் முதலில் வந்து விழும் உச்சியில். முதல் பருவத்தில் ஜூலைக் கடைசியில் கேட்வேயின் சோலார் பேனல் இணைப்பில் தண்ணீர் இறங்கி, பதினொரு நாள் ஒரு செய்தியும் வரவில்லை. ஒவ்வொரு கணுவிலும் மெமரி கார்டு வைத்திருந்ததால் அளவுகள் தப்பின. ஆனால் அந்தப் பதினொரு நாளில் எச்சரிக்கை என்று ஒன்று இல்லை. அந்தக் கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது இரண்டாவது கேட்வேயை எதிர் முகட்டில் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு இன்னும் பெருமழை வரவில்லை, அதனால் இது போதுமா என்று உறுதி சொல்ல மாட்டேன்.

செயற்கைக்கோள் வழி எனக்குப் பழக்கமில்லை. இந்திய வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் பல இன்சாட் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிவந்தன. தனியார் குழு ஒன்று இரிடியம் போன்ற செயற்கைக்கோள் சேவையின் கருவியைக் காட்டில் வைக்க முறையான அனுமதி வேண்டும். அதனால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை.

எந்த ரேடியோவை எடுத்தாலும் மழைமானியைத் துடைக்க ஆள் போகத்தான் வேண்டும். புனலில் ஒரு இலை விழுந்தால் உள்ளே நிரம்பி நிரம்பிக் கவிழ்ந்து மழையை எண்ணும் சிறு கரண்டிக்குத் தண்ணீரே போகாது, திரையில் "மழை இல்லை" என்று காட்டும். பக்கத்துக் கருவி 140 மில்லிமீட்டர் சொல்லும்போது இது பூஜ்யம் சொன்னால், இலையோ சிலந்தியோ என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. மிக வேகமாகக் கொட்டும்போது கரண்டி கவிழும் கணத்தில் வழிந்துவிடும் நீர் கணக்கில் வராது, அளவு குறைவாகவே காட்டும். அதனால் இரண்டு இடங்களில் பக்கத்திலேயே ஒரு சாதாரண சேகரிப்புப் பாத்திரமும் வைத்து ஒப்பிடுகிறோம்.

நீர்மட்டத்துக்கு எது நல்லது என்பதில் மட்டும் நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. மேலிருந்து ஒலியால் அளக்கும் கருவி தண்ணீரைத் தொடாது, ஆனால் வெப்பநிலைக்குத் திருத்தம் போடாவிட்டால் 10 டிகிரி மாற்றத்தில் இரண்டு மீட்டர் தூரத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் பிசகும். தண்ணீருக்குள் வைக்கும் அழுத்தமானியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரே வெள்ளத்தில் வண்டல் அதை மூடிவிடுகிறது. இந்த ஜூனிலிருந்து ஒரே சிறுபாலத்தடியில் இரண்டையும் ஓடவிட்டு, பக்கத்தில் அளவுகோல் பலகை ஒன்றும் அறைந்திருக்கிறோம்.