ஊருக்குக் கிளம்புமுன் பழைய சிம்மைத் தேடி எடுங்கள்

இறந்துபோன அப்பா பெயரில் கிடக்கும் பட்டாவை மாற்ற, வெளிநாட்டிலிருந்து மூன்று வார லீவு போட்டு ஊருக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இறப்புச் சான்று, வாரிசுகளின் ஆதார் நகல், 60 ரூபாய் கட்டணம் எல்லாம் கையில் இருக்கும். ஆனாலும் பட்டா மாற்றத்துக்கு முதலில் வேண்டிய வாரிசுச் சான்று விண்ணப்பம் இ-சேவை கவுண்டரில் ஒரே நிமிடத்தில் நின்றுபோகும்.

கவுண்டரில் இருப்பவர் ஆதார் எண்ணைத் தட்டுகிறார். என்றோ இருப்பிடச் சான்றுக்காகப் பதிந்த கேன் நம்பர், அதாவது இ-சேவையில் விண்ணப்பதாரருக்குள்ள அடையாள எண், திரையில் வருகிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் சரி. அடுத்த பொத்தானை அமுக்கிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணே" என்கிறார். அது எங்கே வரும்? விமானம் ஏறும் முன் பீரோவில் போட்டுவிட்டுப் போன சிம்முக்குப் போயிருக்கிறது. அந்த எண் இந்நேரம் வேறு யார் கையிலோ இருக்கும். விண்ணப்பதாரர் பாஸ்போர்ட்டோடு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் அவர்தான் அவர் என்று ஒப்புக்கொள்ள அந்தத் திரைக்கு வேறு வழி தெரியவில்லை.

காரணம் எளிது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிப்பார்கள். துண்டித்த எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். தொலைத்தொடர்பு ஆணையத்தின் இந்த விதியில் தவறே இல்லை, எண்கள் தீர்ந்துபோகக் கூடாதே. ஆனால் மறுபக்கம் ஆதார், டிஜிலாக்கர், கேன் எல்லாம் அந்த எண்ணையே ஆளின் கையெழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. எண் செத்துவிட்டது என்ற சேதியை ஒரு துறையும் மற்றொன்றுக்குச் சொல்வதில்லை. வெளிநாட்டு எண்ணைக் கொடுக்கலாம் என்றால், ஆதார் அதற்கு எஸ்எம்எஸ் அனுப்பாது.

இத்தனைக்கும் துறைகளை இணைக்கத் தெரியாதவர்கள் இல்லை நம் ஆட்கள். பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 மென்பொருள் 2018-இல் வந்தது. இன்று ஒரு உட்பிரிவை முழுசாக வாங்கிக் கிரையம் பதிந்தால், அந்தத் தகவல் வருவாய்த்துறையின் நில ஆவணத் தளமான தமிழ்நிலத்துக்கு நேராகப் போய், மனு எழுதாமலே பட்டா பெயர் மாறிவிடுகிறது. நிலத்தில் ஒரு துண்டை மட்டும் வாங்கினால்தான் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். 1975 முதலான வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். காலையில் விஏஓ வீட்டுத் திண்ணை, மதியம் ஆர்ஐ, சாயங்காலம் தாலுகா ஆபீஸ் எதிரில் மனு எழுதுபவரின் பெஞ்சு என்று அலைந்த தலைமுறைக்கு இதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது.

அதனால்தான் கோபமும் வருகிறது. விற்றால் தானாக மாறும் பட்டா, செத்தால் மாறுவதில்லை. பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஏறிய மரணம் தமிழ்நிலத்துக்குப் போய்ச் சேருவதில்லை. போனாலும் இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது: பெயர். பட்டாவில் 'சுப்பிரமணியன், த/பெ ராமசாமி'. ஆதாரில் 'ஆர் சுப்பிரமணியன்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் 'சுப்பிரமணியன் ராமசாமி'. இறப்புச் சான்றின் ஆங்கிலப் பக்கத்தில் கடைசி எழுத்து 'என்'னுக்குப் பதில் 'எம்'. ஊரில் யாரைக் கேட்டாலும் நாலும் ஒரே ஆள்தான் என்பார்கள், கணினிக்கு நாலு பேர். இனிஷியலை முன்னால் போட்டு எழுதும் ஊருக்கு, முதல் பெயர் கடைசிப் பெயர் என்று கட்டம் போட்ட படிவம் பொருந்தாது. அதனால் வாரிசுச் சான்று விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று பழைய வழியிலேயே போகிறது. நடப்பது மட்டும் திரையில். விஏஓ விசாரணையில் இந்த நாலு பெயரும் ஒருவருடையதே என்று முதலிலேயே சொல்லி எழுத வைத்துவிடுங்கள். சான்று வந்தபிறகு திருத்தப் போனால் லீவு முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஏன் இத்தனை எரிச்சல் என்றால், அங்கே அரசின் அடையாளச் செயலியான சிங்பாஸில் விரலையோ கடவு எண்ணையோ கொடுத்தால் வேலை முடிகிறது. செயலியைப் போனில் ஒருமுறை பதிந்துவிட்டால் சிம் எந்த நாட்டுடையது என்று ஒவ்வொரு முறையும் கேட்பதில்லை. 2016-இல் வந்த மைஇன்ஃபோ வழியாகப் பெயரும் முகவரியும் படிவத்தில் தானே நிரம்புகின்றன. சரி என்று ஒப்புதல் தருவதுதான் நம் வேலை. சின்ன நாடு, அவர்களுக்குச் சுலபம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிங்கப்பூர் எண்ணை வைத்தே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் யுபிஐ நடத்த இந்தியாவிலேயே 2023-இல் அனுமதி வந்துவிட்டது. பணத்துக்கு நம்பும் எண்ணை ஒரு சான்றிதழுக்கு நம்பக்கூடாதா?

அந்த நம்பிக்கை வரும்வரை செய்ய வேண்டியவை இவை. டிக்கெட் எடுத்த அன்றே மைஆதார் தளத்தில் எந்த எண் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளே நுழையாமலே பார்க்கலாம். சிம் உயிரோடு இருந்தால் ரோமிங்கைத் திறந்து, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள சின்ன பேக் போட்டு வையுங்கள். செத்திருந்தால், ஊரில் இறங்கிய மறுநாளே ஆதார் மையத்துக்குப் போங்கள். எண்ணை மாற்ற ஆவணம் ஒன்றும் வேண்டாம், விரல் வைத்தால் போதும். ஆனால் மாற்றம் அன்றைக்கே ஏறிவிடாது. அதனால்தான் இதை முதல் வாரத்திலேயே முடிக்கச் சொல்கிறேன். ஒரே எண்ணில் எத்தனை ஆதாரை வேண்டுமானாலும் இணைக்கலாம் என்பதால், ஊரிலேயே இருக்கும் தம்பியின் எண்ணையோ அம்மாவின் எண்ணையோ கொடுப்பது நல்லது. கேனிலும் அதே எண்ணைப் பதிய வைத்துவிட்டால், நீங்கள் திரும்பிப் போனபிறகும் தாசில்தார் கையெழுத்திட்ட சேதி அந்த எண்ணுக்கே வரும். வாரிசுச் சான்று வந்ததும் பட்டா மாற்றத்துக்குத் தமிழ்நிலம் தளத்தில் வெளிநாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஓடிபி உண்டு, தம்பி போனைப் பக்கத்தில் வைத்திருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.