செர்ரி வைனா, ஆட்டோவா, கேனாஃபா: சுங்கை சிப்புட்டில் ஒரு ஏக்கர்

"மாமா, பால்மரமும் செம்பனையும் போட்டு என்னத்தக் கண்டோம்? ஹெம்ப் போடுவோம், பூவை வித்தாலே போதும்" என்று ஆரம்பித்தான் அக்கா மகன். தாய்லாந்தின் ஹட்யாய்க்கு ஒரு தடவை போய்வந்ததன் விளைவு. ஹெம்ப் என்றால் போதைச் சத்து குறைந்த கஞ்சாச் செடி. மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக்குப் பின்னால் செம்பனை வெட்டிய ஒரு ஏக்கர் சும்மா கிடக்கிறது. அவன் கையில் மூன்று பெயர்கள்: செர்ரி வைன் என்ற ஹெம்ப் ரகம், ஏதாவது ஒரு ஆட்டோ (தானாகவே பூக்கும்) ஹெம்ப் ரகம், இரண்டும் சரிப்படாவிட்டால் நார்ப்பயிரான கேனாஃப். சட்டத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் பையன்கள் மீதியைக் கேட்பதில்லை.

செர்ரி வைனுக்குப் பெயர் சும்மா வரவில்லை. மணம் நன்றாக இருக்கும், பூ கெட்டியாகக் கட்டும், சிபிடி (கஞ்சாச் செடியின் போதை தராத சத்து) நிறைய. அமெரிக்காவில் 2018 விவசாயச் சட்டம் ஹெம்ப்பைப் போதைச் செடிப் பட்டியலிலிருந்து எடுத்தபின் ஆளாளுக்கு நட்ட ரகங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அங்கே 0.3 சதவீத டிஎச்சி (போதை தரும் சத்து) என்று ஒரு கோடு உண்டு. பூ முற்ற முற்ற சிபிடியோடு டிஎச்சியும் ஏறும். இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏறுகிறது என்று வையுங்கள்: சிபிடி ஏழரை சதவீதத்தைத் தொடும்போதே டிஎச்சி கோட்டைத் தொட்டுவிடும். 2021-இல் வந்த விதிப்படி, சூடுபட்டால் டிஎச்சியாக மாறும் அமிலத்தையும் சேர்த்தே கணக்கெடுக்கிறார்கள். மாதிரி எடுத்து முப்பது நாளுக்குள் அறுத்தாக வேண்டும். கோட்டைத் தாண்டிய பயிரை அப்படியே விற்க முடியாது. "பதினெட்டு சதவீத சிபிடி" என்று பாக்கெட்டில் பார்த்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2019-இல் அங்கே எல்லோரும் நட்டு, சரக்கு தேங்கி, விலை விழுந்த கதையை விளம்பரக்காரர் சொல்லமாட்டார்.

அதைவிடப் பெரிய தடை சூரியன். செர்ரி வைன் இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. வட அமெரிக்கக் கோடையின் நீண்ட பகலில் ஆள் உயரம் வளர்ந்து, பகல் சுருங்கும்போது பூவுக்குப் போகும். நமக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல்தான். முளைத்த கொஞ்ச நாளில் "பூக்கும் காலம் வந்தாச்சு" என்று செடி முடிவு செய்து, முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். வளர வைக்க ராத்திரியில் விளக்குப் போட வேண்டும். கேமரன் மலையில் செவ்வந்தித் தோட்டங்கள் இரவில் வெளிச்சமாகத் தெரிகிறதே, அதுவும் இதே தந்திரம்தான். அந்தக் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

இந்த இடத்தில் ஆட்டோ ரகம் ஜெயிக்கிறது. அது பகலைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது. விதைத்து எழுபது முதல் தொண்ணூறு நாளில் அறுவடை, செடியும் குட்டை. பூமத்திய ரேகைப் பக்கத்தில் எங்காவது சட்டப்படி வளர்க்க அனுமதி கிடைத்தால் நான் ஆட்டோவைத்தான் சொல்வேன். குறையும் உண்டு. குச்சி வெட்டி நட்டுப் பெருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் விதை வாங்கணும். தொடக்கத்தில் ஒரு வாரம் சோர்ந்தால் அதை ஈடுகட்ட நாள் கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக ஆண் செடி ஒன்று தப்பி நின்றாலே போதும், மகரந்தம் பறந்து பூவெல்லாம் விதையாகிவிடும்.

உலர்த்துவதில் இரண்டுமே நம் ஊரில் தோற்கும். கெட்டியான பூவுக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் பூஞ்சை உள்ளிருந்தே தின்னும். அதில் செர்ரி வைன் மாதிரி கட்டியாகப் பூப்பதற்குத்தான் ஆபத்து அதிகம். மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை என்று இருக்கும் பேராக்கில் ஏர்கான் போட்ட அறை வேண்டும். தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடம் இருக்கிறதே என்று அக்கா மகன் கேட்டான். அந்தச் சூட்டில் மணம் முதலில் ஓடும்.

கேனாஃபைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இலை கஞ்சா இலை மாதிரி விரிந்திருந்தாலும் அது வெண்டை, பருத்திக் குடும்பம். நம் புளிச்சக்கீரைக்குச் சொந்தம். சிபிடியும் கிடையாது, டிஎச்சியும் கிடையாது. நாலு மாதத்தில் வீட்டுக் கூரையைத் தொடும், தண்டில் நார் எடுக்கலாம். கேனாஃப், புகையிலைக்கென 2010-இல் அரசாங்கமே ஒரு வாரியம் அமைத்தது. கிளந்தான் பக்கம் புகையிலைக்கு மாற்றாக நடவைத்தார்கள். ஆனால் நார் பிரிக்கும் ஆலை பக்கத்தில் இல்லாமல் ஒரு ஏக்கர் தண்டை லாரி ஏற்றினால் வாடகைக்கே பத்தாது. போலீஸ் பயமில்லாத பயிர், அவ்வளவுதான்.

இனி சட்டம். மலேசியாவின் அபாயகர மருந்துகள் சட்டம் 1952-இல், கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் எழுதப்பட்டது; அந்த அவசரகாலமே 1948-இல் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில்தான் தொடங்கியது. அந்தச் சட்டத்தில் 0.3 என்ற கோடே கிடையாது. ஹெம்ப்பும் கஞ்சாதான். அனுமதியில்லாமல் நட்டால் ஆயுள் சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்பு) அடி. இருநூறு கிராம் கையில் இருந்தாலே கடத்தியதாக அனுமானம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது, 2025 ஜூனில் பூவுக்கு மருத்துவர் சீட்டு வேண்டுமென்று திரும்ப இறுக்கிவிட்டது. அங்கே வாங்கிய எண்ணெய்ப் போத்தலைப் பையில் போட்டு புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டுவதும் இதே சட்டத்தில்தான் மாட்டும்.

அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ அந்த ஒரு ஏக்கர்?" என்றான். அக்கா அதற்குள் பாதி நிலத்தில் மரவள்ளிக் குச்சி ஊன்றிவிட்டிருந்தாள்.