பவர் விண்டோ கோணலாக ஏறுகிறதா? “செட்டா மாத்தணும்” என்றால் உஷார்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்ணாடி கோணலாக ஏறுகிறது, பாதியில் நிற்கிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) கழற்றிக்கூடப் பார்க்காமல் “மோட்டார் போயிடுச்சு சார், செட்டாத்தான் மாத்தணும்” என்று பதில் வரும். அந்தப் பதிலை நம்பி நான் கொடுத்தது 7,200 ரூபாய். கோணல் தீரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் கைவிட்டுப் போனது. போதாததற்குக் காருக்குள் மழைத்தண்ணீர்.

ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. இதே வித்தையை வேறு இடங்களிலும் பண்ணுகிறார்கள் என்று விசாரித்த பிறகு தெரிந்தது, அதனால் பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வது உபயோகம்.

வண்டி 2010 மாடல் ஐ10. பிரச்சினை இடது முன்கதவில். கண்ணாடி ஏறும்போது முன்பக்கம் முந்திக்கொள்ளும், பின்பக்க மூலை இறங்கியே இருக்கும். முக்கால்வாசி ஏறியதும் ‘கர்ர்’ என்று உரசி நின்றுவிடும். உள்ளங்கையால் பின்பக்கம் லேசாகத் தூக்கிவிட்டால் மிச்சமும் ஏறிவிடும். ஏறி முடிந்த பிறகும் மேல் மூலையில் நூல் அளவு சந்து. பைபாஸில் போனால் அந்தச் சந்து வழியாக விசில் சத்தம், ஏசி போட்டாலும் ஒரு பக்கம் வெக்கை. இறங்குவதில் எந்தப் பிரச்சினையும் இல்லை, சரசரவென்று இறங்கும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதி சென்னைப் புறநகர். மெயின் ரோட்டில் வாசலில் பெரிய பிளெக்ஸ், எல்லா கார் கம்பெனி லோகோவும் வரிசையாகப் போட்ட ‘மல்டி பிராண்ட்’ ஒர்க்‌ஷாப். கம்பெனி சர்வீஸில் கேட்டதைவிடக் குறைவாக முடியும் என்று அங்கே போனேன். சூப்பர்வைசர் மாதிரி ஒருவர் வந்து சீட்டில் உட்கார்ந்தார். ஸ்விட்சை மேலே, கீழே, மேலே, கீழே என்று விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். கண்ணாடி நின்ற பிறகும் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாமல் அடங்கிவிட்டது.

“பாருங்க சார், உங்க கண்ணு முன்னாடியே செத்துப்போச்சு. உள்ள கார்பன் காலி.”

பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து அழுத்தினேன், மறுபடி ஓடியது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது: “கடைசி மூச்சு சார் அது.”

வித்தை இதுதான். பவர் விண்டோ மோட்டார்களில் பொதுவாக உள்ளேயே சூட்டுப் பாதுகாப்பு ஒன்று வைத்திருப்பார்கள். கண்ணாடி எங்காவது சிக்கி, மோட்டார் முக்கிக்கொண்டே இருந்தால் கருகிப்போகாமல் இருக்க, சூடு ஏறியதும் மின்சாரத்தைத் தானே தடுத்துவிடும். ஆறியதும் பழையபடி ஓடும். ஸ்விட்சை விடாமல் அழுத்தினால் பழுதில்லாத மோட்டாரும் இப்படி அடங்கும். மோட்டார் போனதற்கு அது சாட்சி ஆகாது, கண்ணாடி எங்கேயோ பிடிக்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

“மோட்டார், மெஷின் ரெண்டும் சேர்த்து கம்பெனி ஒரிஜினல் செட் 6,200. லேபர் ஆயிரம். தனித்தனியா போட்டா நிக்காது சார்” என்றார். மெஷின் என்று கடைக்காரர்கள் சொல்வது கதவுக்குள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை. சரி என்று விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வண்டி ரெடி. கண்ணாடி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஏறியது. கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டேன். “பையன் ஸ்கிராப்ல போட்டுட்டான் சார்.” பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில்னா அமௌண்ட் தனியா வரும்” என்று சொல்லிவிட்டு, பாக்கெட் சைஸ் பேப்பரில் ‘விண்டோ செட் 6200, லேபர் 1000’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார். கடை பெயரோ, பார்ட் நம்பரோ எதுவும் இல்லை. பணத்தை ஜிபேயில் அனுப்பினேன், அதுதான் பின்னால் கை கொடுத்தது.

வழுக்கலின் ரகசியம் சில நாளில் வெளியே வந்தது. கண்ணாடியின் இரு ஓரத்திலும் கறுப்பாகக் கோடு கோடாக இழுத்திருந்தது. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலுக்குள் கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள். எந்தக் கோணலான கண்ணாடியும் கிரீஸ் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், டெலிவரி எடுக்கும்போது வாடிக்கையாளர் சிரித்த முகமாகப் போவார். அப்புறம் ரோட்டுத் தூசி அந்தக் கிரீஸில் ஒட்டிக் கெட்டியாகும். பெட்ரோலியக் கிரீஸும் ஆயிலும் பட்டால் ரப்பர் ஊதவும் செய்யும். என் வண்டியில் அதுதான் நடந்தது: கண்ணாடி முன்பைவிட மோசமாகச் சாய்ந்து, பாதியிலேயே நிற்க ஆரம்பித்தது.

திரும்பப் போனேன். “அது ரப்பர் பிரச்சினை சார், அது தனி வேலை. கண்ணாடியும் கொஞ்சம் பெண்ட் ஆன மாதிரி இருக்கு, மாத்துனா நல்லது” என்றார்கள். கதவுக் கண்ணாடி சூடேற்றிப் பதப்படுத்திய டஃபன்ட் கண்ணாடி. அது வளையாது, உடைந்தால் கல்கண்டு கல்கண்டாக நொறுங்கும், அவ்வளவுதான். கண்ணாடி பெண்ட் ஆகிவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொன்னால் அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளலாம். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஐப்பசி மழை. முதல் நல்ல மழைக்கே காருக்குள் இடது பக்கக் கால் விரிப்புக்கு அடியில் தண்ணீர். விரிப்பைத் தூக்கினால் கார்பெட் பஞ்சு நீரைக் குடித்துப் பொதபொதவென்று இருந்தது. கண்ணாடிச் சந்து வழியாக வந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கதவின் உள்பக்கத் துணி மேலே காய்ந்திருந்தது, அடியில் மட்டும் ஈரம்.

தெரிந்தவர் ஒருவர் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். தகரக் கொட்டகை, ஒரு பெஞ்ச், பேட்டரி சார்ஜர், பிளெக்ஸெல்லாம் கிடையாது. அவர் ஸ்விட்சைக் கீழ்ப்பக்கம் அழுத்தி, கதவில் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னை ஸ்விட்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ‘கடக்’ என்று ஆடியது.

“மோட்டார் கண்ணாடியை இழுக்கும் தம்பி, நேரா நிறுத்தாது. நேரா நிறுத்துறது ரப்பரும் சேனலும். இறங்குறப்ப நல்லா இறங்குதுல்ல? அப்ப மோட்டாரை யார் மாத்தச் சொன்னது?”

டோர் பேடைக் கழற்றியதும் எல்லாம் தெரிந்தது. பேடைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி உடைந்திருந்தன. கீழே ஒரு இடத்தில் கிளிப்புக்குப் பதில் மரவேலைக்குப் போடுகிற ஸ்க்ரூவை நேராகத் தகரத்தில் ஏற்றியிருந்தார்கள். மோட்டாரைத் துடைத்துப் பார்த்தால் அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் கிறுக்கல், பழைய பார்ட்ஸ் கடைகளில் மாடலைக் குறித்து வைப்பார்களே, அதே மாதிரி. அதே கம்பெனியின் வேறு மாடல் வண்டியில் இருந்து கழற்றியது. பிளக் பொருந்தாததால் இரண்டு பக்கமும் ஒயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். பிடிக்க வேண்டிய மூன்று ஸ்க்ரூவில் இரண்டுதான் இருந்தது, மூன்றாவது ஓட்டை நேருக்கு வரவில்லை.

மெஷின்? அது மாறவே இல்லை. கம்பெனியில் வந்த அதே பழைய மெஷின். கண்ணாடியைத் தாங்கி ரெயிலில் ஏறி இறங்கும் பிளாஸ்டிக் ஸ்லைடரில் ஒரு காது உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டில் ஒன்று கையால் திருகும் அளவுக்கு லூஸ். பின்பக்க ரப்பர் சேனல் உள்ளே கிழிந்து சுருண்டிருந்தது. கோணலுக்குக் காரணம் இந்த மூன்றும்தான், மூன்றையும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு நல்ல பொருள் கதவுக்குள் இருந்தது, அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ‘செட்’ என்று கணக்கு எழுதிவிட்டார்கள்.

தண்ணீர் விஷயம் தனிக்கதை. மழை பெய்தால் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எல்லா வண்டியிலும் அப்படித்தான். கதவின் அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக அது வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் டோர் பேட் பக்கம் வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தார் மாதிரியான கறுப்புப் பசையில் ஒட்டி அனுப்புகிறது கம்பெனி. பார்த்தால் பேக்கிங் கவர் மாதிரி இருப்பதால் பலர் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். என் கதவில் அது மொத்தமாகக் காணோம், பசை மட்டும் சுற்றிலும் மிச்சம். அடி ஓட்டையில் ஒன்றைக் கிரீஸும் மண்ணும் அடைத்திருந்தது. கதவின் அடியில் மட்டும் ஏன் ஈரம் என்பதற்கு விடை கிடைத்தது.

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், கேட்டுச் செய்துகொள்ள உதவும். ரப்பர் சேனலைக் கழற்றிப் புதிதாகப் போட்டார். மோட்டார் இல்லாமல் மெஷின் மட்டும் தனியாகக் கடையில் கிடைக்கிறது, “தனித்தனியா போட்டா நிக்காது” என்பதெல்லாம் கதை. அதை மாட்டிய பிறகு கண்ணாடி போல்ட்டுகளை முழுதாக இறுக்கவில்லை. பாதி இறுக்கிவிட்டு, கண்ணாடியை மெதுவாக மேலே ஏற்றி, ரப்பருக்குள் அதுவாகப் போய் உட்கார விட்டார். இரண்டு மூலையும் சமமாகப் பொருந்திய பிறகு, போல்ட் தெரியும் உயரத்துக்கு இறக்கி முழுதாக இறுக்கினார். அதிலும் அளவு இருக்கிறது, ஓங்கி இறுக்கினால் கண்ணாடி ஓட்டையிலேயே உடையும். சேனலுக்குள் சிலிகான் ஸ்பிரே மட்டும், கிரீஸ் கிடையாது. கட்டியான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, கறுப்பு பியூட்டைல் டேப் வைத்துக் கதவை மூடினார். டேப் சுற்றிய ஒயரைச் சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டார். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். அதில் அவர் கூலி 600.

மோட்டாரை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். எழும்பூர் பக்கம் புதுப்பேட்டையில் என் மாடலுக்கே கழற்றிய மோட்டார் பிளக்கோடு தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று சொல்ல வேண்டும், புதுப்பேட்டையில் பழைய பார்ட் வாங்குவது ஏமாற்று இல்லை. பழசு என்று சொல்லி, பழசு விலைக்குக் கொடுக்கிறார்கள், ஓட்டிக் காட்டச் சொன்னால் பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். பழசைப் புதுசு என்று சொல்லி மாட்டுகிறவன்தான் ஏமாற்றுக்காரன்.

எப்போது உண்மையிலேயே மோட்டார் பழுது? ஸ்விட்சை எந்தப் பக்கம் அழுத்தினாலும் சத்தமே இல்லை, ஃபியூஸ் சரியாக இருக்கிறது, மோட்டார் பிளக்கில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரிகிறது, அப்படியும் ஓடவில்லை என்றால் மோட்டார். லேம்ப்பே எரியவில்லை என்றால் ஸ்விட்ச் அல்லது ஒயர், அதிலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் மடங்கி மடங்கிப் போகும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கும். மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் மெஷினில் கேபிள் அறுந்திருக்கும் அல்லது பல் தேய்ந்திருக்கும். இன்ஜின் ஆஃப் செய்திருக்கும்போது மெதுவாக ஏறுவதெல்லாம் நோயே இல்லை. சாய்ந்து ஏறினால் ரப்பர், ஸ்லைடர், போல்ட், இந்த மூன்றையும் கழற்றிக் காட்டிய பிறகுதான் விலை பேச வேண்டும். வேலைக்கு விடும் முன்பே பழைய பார்ட் எனக்கு வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

எலக்ட்ரீஷியன் கழற்றும்போதே எல்லாவற்றையும் படம், வீடியோ எடுத்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, “நீங்க வேற எங்கயோ பிரிச்சிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல” என்றார் அந்த சூப்பர்வைசர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்தேன். பிறகு நானே ஒரு நோட்டீஸ் எழுதி, படங்களையும் ஜிபே ரசீதையும் அந்தப் பேப்பர் துண்டின் நகலையும் வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்றும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணமே இல்லை, புகார் கொடுக்க 2 வருடம் அவகாசம் இருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தேன். வக்கீல் வைக்கவில்லை.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் ஓனரே போன் செய்தார். “சார், இதுக்குப் போய் கோர்ட்டு கீர்ட்டுனு எதுக்கு சார்? பையன் தெரியாம மாத்திட்டான்.” 4,000 ரூபாய் திருப்பி அனுப்பினார். மிச்சம் 3,200 பற்றியும் என் மோட்டார் பற்றியும் கேட்டால் “பாக்குறேன் சார்” என்கிறார். நோட்டீஸில் கொடுத்த கெடு முடியட்டும், ஆணையத்தில் கொடுக்க வேண்டிய புகாரை டைப் செய்தே வைத்திருக்கிறேன்.