சாவி கொடுக்கும் ஊசல் கடிகாரம்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் ஊசல் சுவர்க் கடிகாரம் ஒன்றைப் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இதற்கு முன் அதே இடத்தில் ஊசலுடன் கூடிய ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருக்கும்: மேலே வட்டமான முகப்பு, அதன் கீழே கண்ணாடிக் கதவு போட்ட நீண்ட மரப்பெட்டி. ஆனால் பழைய கடிகாரத்தைத் துடைப்பதற்காக ஊசலைக் கழற்றி வைத்தபோது, முட்கள் எவ்வித மாற்றமுமின்றித் தம் போக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஊசலை ஆட்டியது தனியாக வைத்திருந்த ஒரு மின்காந்தம். நேரத்தைக் கணக்கிட்டதோ நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகத் துண்டு. படிகத்துக்கு இத்தனை பெரிய பெட்டி தேவையே இல்லை. அன்றுதான் உண்மையான ஊசல் கடிகாரம் ஒன்றை வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இப்போதுள்ள கடிகாரத்தில் பெட்டியின் நீளத்துக்குக் காரணம் இருக்கிறது. ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரத்தை அதன் எடை தீர்மானிப்பதில்லை, நீளமே தீர்மானிக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி ஆக வேண்டுமென்றால் ஊசல் ஏறத்தாழ 99 செ.மீ. இருந்தாக வேண்டும், தரையில் நிற்கும் பெட்டிக் கடிகாரங்கள் ஆளுயரம் வளர்ந்தது இதனால்தான். அரை நொடிக்கு அதில் கால்பங்கு நீளம் போதும் என்பதால் என் கடிகாரம் சுவரில் அடங்கிவிட்டது. 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பொருத்தினார். எனினும் தொடக்கக் கால ஊசல்கள் மிக அகலமாக வீசி ஆட வேண்டியிருந்தன. பின்னர் வந்த, பற்சக்கரத்தின் பற்களை இரு கைகளால் மாறி மாறிப் பிடித்து விடும் நங்கூர அமைப்பு அந்த வீச்சைச் சில பாகைகளாகக் குறைத்த பிறகே நீளமான ஊசலை ஒடுக்கமான பெட்டிக்குள் வைக்க முடிந்தது.

அந்த நங்கூரத்தை இதில் பக்கவாட்டிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். சுருள்வில்லின் விசை பற்சக்கரங்கள் வழியாக வந்து கடைசிச் சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கிறது. நங்கூரத்தின் ஒரு கை அதன் பல்லைப் பிடித்து நிறுத்துகிறது. ஊசல் ஆடும்போது அந்தக் கை விலகுகிறது, பல் நழுவுகிறது, நழுவும் பல் போகிற போக்கில் ஊசலுக்குச் சிறு உந்துதல் கொடுக்கிறது, உடனே மறு கை அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்கிறது. நம் காதில் விழும் ‘டிக்’ என்பது அந்தப் பல் வந்து மோதும் ஓசையே. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

குறைகளும் உண்டு. மாட்டிய முதல் நாள் சில மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. ரசமட்டம் வைத்துப் பெட்டியை நேராக மாட்டும்படி மட்டுமே கையேடு சொல்கிறது, அப்படித்தான் மாட்டியிருந்தேன். உற்றுக் கேட்டபோது இரண்டு ‘டிக்’குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நொண்டியது, ஒன்று குட்டையாகவும் அடுத்தது நெட்டையாகவும். பெட்டியின் அடிப்பகுதியை நகக்கனம் நகர்த்தியதும் ஓசை சீரானது. அதன்பின் நிற்கவே இல்லை. இதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.

நேரத்தைச் சரிசெய்ய ஊசல் குண்டின் கீழே ஒரு திருகு உள்ளது. இந்த நீள ஊசலில் குண்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலே கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் விரைந்துவிடும் என்பதால், மயிரிழை அளவே திருக வேண்டும். மூன்று வாரப் பொறுமைக்குப் பின் இப்போது வாரத்துக்கு ஒரு நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது. சாவி கொடுத்த புதிதில் சற்று விரைவதும், வார இறுதியில் சுருள்வில் தளரும்போது சற்றுப் பிந்துவதும் இவ்வகைக் கடிகாரத்தின் இயல்பு.

முகப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரோமன் எண்கள் தெளிவாக இருக்கின்றன. நான்கை நான்கு கோடுகளாகவே போட்டிருப்பது எதிரேயுள்ள எட்டின் கனத்துக்கு ஈடாக நிற்கிறது.

மணியோசை இனிமையானது, ஆனால் அதை நிறுத்தி வைக்க வழியில்லை. அரை மணிக்கு ஒன்று வீதம் சேர்த்து நாளொன்றுக்கு 180 முறை அடிக்கும். படுக்கையறைக்கு நிச்சயம் ஆகாது. முள்ளைக் கையால் நகர்த்தும்போது ஒவ்வொரு முறையும் அடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் எண்ணிக்கை பிசகி மூன்று மணிக்கு ஐந்து அடிக்கும்.

நொடி பிசகாத நேரம் மட்டுமே தேவைப்படுவோருக்குக் குவார்ட்ஸ் கடிகாரமே ஏற்றது. சாவிக் கடிகாரம்தான் வேண்டும் என்போர், வாங்குமிடத்தில் கதவைத் திறந்து ஊசலைக் கையால் நிறுத்திப் பார்க்கட்டும். முட்களும் உடன் நின்றால் தாராளமாக வாங்கலாம்.